ஆன்டிகிதெரா பொறி: நிலா முள் ஓடத் தொடங்கிவிட்டது

வான்பொருள்களின் ஓட்டத்தைப் பல்சக்கரங்களால் கணித்துக் காட்டிய பழங்கிரேக்கக் கருவியான ஆன்டிகிதெரா பொறியின் நகலைச் செய்துவருகிறேன். கைப்பிடியைச் சுற்றினால், நிலாவின் இடத்தைக் காட்டும் முள் ஓடுகிறது. அதுவும் ஒரே சீராக இல்லாமல், நிஜ நிலாவைப் போலவே சில இடங்களில் விரைந்தும் சில இடங்களில் தயங்கியும் ஓடுகிறது!

மூலப் பொறி, கிரேக்கத்தின் ஆன்டிகிதெரா தீவருகே மூழ்கிய கப்பலிலிருந்து 1901-இல் மேலே வந்தது. ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் 82 துண்டுகளாக இருக்கிறது. மிஞ்சிய பல்சக்கரங்கள் 30. நான் பித்தளைத் தகட்டில், இரண்டு மடங்கு அளவில் செய்கிறேன்.

பல் வெட்டுவது நினைத்ததைவிட எளிது. அக்காலப் பற்கள் முக்கோண வடிவம் என்பதால் சாதாரண முக்கோண அரமே போதும். 127 பல் சக்கரத்துக்குத்தான் பொறுமை வேண்டும். 127 பகா எண். வட்டத்தைப் பாதி, கால் என்று பிரித்துக்கொண்டே போக வழியில்லை. கணினியில் வரைந்து அச்சிட்டு, தாளைத் தகட்டில் ஒட்டித்தான் அறுத்தேன்.

அந்த 127-ஐ ஏன் விட முடியாது என்றால், 19 ஆண்டில் நிலா வான்வட்டத்தை 254 முறை சுற்றுகிறது. 254-இல் பாதி 127. 64/38, 48/24, 127/32 ஆகிய மூன்று பல் விகிதங்களையும் பெருக்கிப் பாருங்கள், அச்சாக 254/19 வரும், அதாவது ஓர் ஆண்டில் நிலா சுற்றும் எண்ணிக்கை.

வேக மாற்றம் தருவது 50 பல் கொண்ட இரண்டு சக்கரங்கள். ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும், ஆனால் மையம் ஒன்றல்ல. மூலத்தில் விலகல் ஏறத்தாழ 1.1 மி.மீ.; என்னுடையதில் 2.2. கீழ்ச் சக்கரத்தில் நிற்கும் ஊசி, மேல்சக்கரத்தின் நீள்துளைக்குள் புகுந்து அதை இழுத்துக்கொண்டு போகிறது. ஊசி மேல்சக்கரத்தின் மையத்தை நெருங்கும்போது அச்சக்கரம் வேகமெடுக்கிறது, விலகும்போது மந்தமாகிறது. துளையின் விளிம்பை ஊசி உரசாமல் வழுக்கும்வரை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருந்தேன். நிலா சராசரி இடத்திலிருந்து 6 பாகைக்குச் சற்று மேல் முன்னும் பின்னும் போய் வருகிறது. 2000 ஆண்டுக்கு முன்பே இதை யோசித்தவரின் மூளைக்கு வணக்கம்.

இந்த ஜோடியைச் சுமப்பது 223 பல் சக்கரம். அது ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ 9 ஆண்டு. கிரகணங்கள் திரும்பும் சாரோஸ் சுழற்சியும் 223 சந்திர மாதம்தான், அதன் முள்ளையும் இதே சக்கரம்தான் ஓட்டுகிறது. ஆகவே அடுத்து பின்பக்கத்தில் கிரகணங்களைக் காட்டும் சுருள்வடிவ முகப்பு: 4 சுற்று, மாதத்துக்கு ஒன்றாக 223 கட்டம். அதற்கான தகடு வாங்கியாயிற்று.