தண்ணீருக்குள் சாளேஸ்வரம்

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தோனேசியாவின் வடக்கு சுலாவெசியில் லெம்பே ஜலசந்தியில் ஸ்கூபா முங்கல், இருபத்தைந்து மீட்டர் ஆழத்தில். வழிகாட்டி ஒரு கடல் விசிறியின் (விசிறி போல விரிந்து வளரும் பவளம்) கிளையைக் குச்சியால் சுட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் விரலை வளைத்து ஓகே காட்டினேன். எனக்கு எதுவுமே தெரியவில்லை. மங்கலாக ஒரு கிளை, அவ்வளவுதான்.

அங்கே இருந்தது பிக்மி என்று சொல்லும் குள்ள இனக் கடற்குதிரை. நீளம் இரண்டு சென்டிமீட்டர் இருந்தால் பெரிது. விசிறியில் இருக்கும் அதே நிறம், அதே மொட்டு மொட்டான முண்டுகள் அதன் உடம்பிலும் இருக்கும். 1969-இல் நியூ கலிடோனியாவில் ஜார்ஜ் பார்ஜிபான் என்பவர் காட்சியகத்துக்காக ஒரு கடல் விசிறியைச் சேகரித்தபோது, அதை வெளியே எடுத்துப் பரிசோதிக்கும் போதுதான் இந்த ஜீவன் ஒட்டிக்கொண்டிருந்ததே கண்ணில் பட்டதாம். நல்ல கண்ணுக்கே டிமிக்கி கொடுக்கும்போது என் கண் எந்த மூலை?

எனக்கு வயது 54. சாளேஸ்வரம், அதாவது வயதானால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் கோளாறு. ஓட்டலில் மெனு கார்டைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கிற கூட்டத்தில் சேர்ந்து பத்து வருடமாகிறது. தண்ணீருக்குள் எல்லாம் பெரிதாகத் தெரியுமே, சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன், கணக்கு அங்கேதான் உதைத்தது. மாஸ்க் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பொருள் முக்கால்வாசி தூரத்தில் இருப்பதுபோல்தான் கண்ணுக்குப் படும், அதாவது 40 சென்டிமீட்டரில் இருப்பது 30-இல் இருக்கிற மாதிரி. எனக்குப் பிரச்சினையே கிட்டத்தில் இருப்பதுதானே! போதாததற்கு வெளிச்சம் குறையக் குறையக் கண்மணி விரிந்து மங்கல் கூடும். டார்ச் அடித்தால் கொஞ்சம் தேவலை, ஆழத்தில் தண்ணீர் உறிஞ்சித் தொலைந்துபோன சிவப்பும் திரும்பி வரும். ஆனால் அந்தச் சின்னஞ்சிறு முகத்தில் எவ்வளவு நேரம்தான் வெளிச்சத்தை அடிப்பது, பாவம். படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாரேன் என்றார் கூட வந்தவர். அந்தத் திரையும் எனக்கு மங்கல்தான் ஐயா.

கடற்குதிரை தெரியாவிட்டால் போகட்டும். காற்று அளவு காட்டும் மீட்டரில் முள் 50 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) நிற்கிறதா 80-இலா என்று தெரியாமல் மூன்று நாள் முங்கினேன் பாருங்கள், அது சுத்த முட்டாள்தனம்.

கடைசியில் மாஸ்க்குக்குள் ஒட்டுகிற மெல்லிய பிளாஸ்டிக் லென்ஸ் ஒரு ஜோடி கிடைத்தது, பவர் பிளஸ் டூ (பள்ளியில் பாஸ் செய்ததற்குப் பிறகு இப்போதுதான் மறுபடி). தண்ணீர் தொட்டு ஒட்டி ஒரு ராத்திரி காயவிட வேண்டும். முதல் தடவை மேலே தள்ளி ஒட்டிவிட்டு தூரத்தில் யார் போகிறார்கள் என்றே தெரியாமல் தவித்தேன். அடிப்பக்கமாக ஒட்டினால்தான் சரி, தூரத்துக்கு நேராகப் பார்க்கலாம், கிட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்தினால் போதும்.

நான்காம் நாள் அதே விசிறி. கண்ணைத் தாழ்த்தினேன். சுருட்டிய வால், குட்டை மூக்கு, மிளகை விடச் சின்னதாக ஒரு கண். வயிறு உருண்டையாக இருந்தது, சினையாக இருக்கும் ஆண் போல (கடற்குதிரைகளில் சுமப்பது ஆண்தான்). மீட்டரையும் பார்த்தேன், 90 பார், தெளிவாக.

படகில் ஏறியதும் வழிகாட்டி அன்று பார்த்தவற்றை எழுத நோட்டை எடுத்தார். எடுத்தவர் கையை நன்றாக நீட்டிப் பிடித்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். என் மூக்குக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, அப்புறம் எப்படித்தான் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“போன மாசமும் அது அந்தக் கிளையில்தான் இருந்தது” என்றார்.