நியூட்ரல் போன ராத்திரி

மார்ச் 2, 2024

காட்பாடி பக்கம் ஒரு காலேஜ் விழாவுக்கு சவுண்டு கேட்டு வந்தாங்க. சென்னையிலிருந்து ராக் பேண்டாம். குடியாத்தத்துல நைனா காலத்திலிருந்து மைக் செட் போடறோம். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, கட்சி மீட்டிங் எல்லாம் பாத்தாச்சு. ராக் மட்டும் பாத்ததில்ல.

நைனாகிட்ட சொன்னேன். "அவனுங்க இன்னாத்த பாடுவானுங்க?"

"கத்துவாங்க நைனா."

"அப்ப எக்கோ வெக்காத. தானா வரும்."

பேண்டுக்காரங்க ரெண்டு பக்கத்துக்கு லிஸ்ட் அனுப்பியிருக்காங்க. டிரம்ஸுக்கு மட்டும் எட்டு மைக். நான் முழுக் கச்சேரியையே ஆறு மைக்கில முடிச்சவன். டிஜிட்டல் மிக்சரும், சத்தத்தைப் பெருக்கற பெரிய ஆம்பும் ஆம்பூர்ல தெரிஞ்சவர்கிட்ட வாடகைக்குப் பேசியிருக்கேன்.

மார்ச் 6

கிடார் வாசிக்கிற தம்பி போன் பண்ணான். லிஸ்ட்டப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. "அண்ணா, எர்த் எப்படி?"ன்னான். இத்தன வருஷத்துல எர்த் பத்திக் கேட்ட மொத ஆர்டிஸ்ட் இவன்தான்.

காரணம் சொன்னான். 1972 மே 3, இங்கிலாந்து பக்கத்துல வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ ஊரு. ஸ்டோன் தி க்ரோஸ்னு ஒரு பேண்டு. அதுல கிடார் வாசிச்ச லெஸ் ஹார்வி எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலயே செத்துப் போனாராம். யோசிச்சுப் பாத்தா சரிதான். கிடார் கம்பி ஆம்ப் வழியா எர்த்துக்குப் போவுது. மைக் வேற பொட்டியிலிருந்து வருது. ரெண்டுக்கும் நடுவுல வோல்ட் இருந்தா, ஒரு கை இதுலயும் ஒரு கை அதுலயும் வெச்ச மனுஷன்தான் ஒயரு.

ராத்திரி தூக்கம் சரியா வரல.

மார்ச் 8

சிவராத்திரி. கே.வி. குப்பம் பக்கம் கோயில்ல நாலு கால பூஜைக்கும் நம்ம செட்தான். மச்சான் ஆம்ப் மேலயே தலைய வெச்சுத் தூங்கறான். காலையில இதையெல்லாம் அவுத்து அப்படியே காட்பாடிக்கு ஏத்தணும்.

மார்ச் 10, விடிகாலை 3 மணி

கை இன்னும் கருகல் வாசனை அடிக்குது.

நேத்து காலையில அவசர அவசரமா அவுத்து டாட்டா ஏஸ்ல ஏத்தினோம். கோயில்ல கட்டின குழாய் ஸ்பீக்கரையும் பழைய அஹுஜா ஆம்பையும் எறக்க நேரமில்லாம தார்ப்பாய் போட்டு மூடிட்டோம். காலேஜ் போனதும் மொத வேல எர்த். குழி தோண்டி ராடு அடிச்சு, உப்பு கொட்டி, ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தினேன். டெஸ்ட் லாம்ப் வெச்சுப் பாத்தா பளிச்சுனு எரிஞ்சுது. அந்தத் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன், பெருமையா.

எட்டு மணிக்கு மூணாவது பாட்டு. மேடை லைட்டெல்லாம் அடுப்புத் தணல் மாதிரி செவந்து மங்குச்சு. அதே நேரம் மிக்சர் பக்கத்து பல்பு மட்டும் வெள்ளையா ஏறுது. ஆம்ப் அடுக்குல மீட்டர் 340 வோல்ட் காட்டுது. நான் மெயினைத் தட்டறதுக்குள்ள டப், டப், டப். மிக்சர் செத்துப்போச்சு. மேடையில கீபோர்டு அடாப்டர் புகையுது.

மெயின் பாக்ஸைத் தொறந்து பாத்தா நியூட்ரல் லக், அதான் ஒயர் முனையில நட்டு போட்டு முறுக்கற தகடு, தொங்கிகினு கீது. சிவராத்திரி முடிஞ்சு மாட்டும்போது கையால திருப்பினதோட சரி, ஸ்பேனர் போடல. டாட்டா ஏஸ் குலுக்கல்ல மிச்சமும் கழண்டிருக்கு. மூணு பேஸ் ஒயர்ல வர்ற கரண்டும் திரும்பற வழி நியூட்ரல்தான். அது விட்டுப்போச்சுன்னா 230ங்கற கணக்கே கிடையாது. ரெண்டு பேஸுக்கு நடுவுல இருக்கற 415ஐ லோடு பாத்து பங்கு பிரிச்சிக்கும். அதிகமா இழுக்கற லைட்டுக்குக் கொஞ்சம், கம்மியா இழுக்கற சவுண்டுக்கு மிச்சமெல்லாம். எர்த் எர்த்துனு ஒரு வாரமா இருந்தவன் நியூட்ரலைத் தொட்டுக்கூடப் பாக்கல.

டிரம்ஸ் வாசிக்கிற பையன் மட்டும் நிறுத்தவேயில்ல. அவனுக்குக் கரண்ட் தேவையில்லயே. கிரவுண்டுல பசங்க மொபைல் டார்ச்சைப் போட்டு கை தட்டினாங்க. தட்டித் தட்டி அது நம்மூரு சாவு மேளமா மாறிடுச்சு. அவன் அதைப் புடிச்சுக்கினான் பாரு, மொத வரிசையில உக்காந்திருந்த வாத்தியாருங்க காலும் ஆடுச்சு.

மச்சான்தான் ஓடி வந்தான். "மாமா, அஹுஜா பேட்டரியில ஓடும்ல?"

ஓடும். பன்னெண்டு வோல்ட். டாட்டா ஏஸை மேடைகிட்ட கொண்டாந்து, பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, ரெண்டு பக்கமும் குழாயைக் கட்டினோம். பாடற தம்பி குழாயை அண்ணாந்து பாத்தான். "இதுலயாண்ணா?"

"இதுல பேசினா பக்கத்து ஊருக்கே கேக்கும். பாடு."

கிடாரை மைக் இன்புட்லயே சொருகினேன். கரகரனு தொண்டை கட்டின காக்கா மாதிரி வந்துது. அந்தத் தம்பி சிரிச்சிட்டான். "இந்த சவுண்டுக்குத்தாண்ணா நான் பன்னெண்டாயிரம் குடுத்து, கிடார் சத்தத்தைக் கரகரப்பாக்கற பெடல் வாங்கினேன்." அந்தப் பெடலும் அப்பதான் கருகிப்போயிருந்துது. பேஸ் கிடார் பையன் பாவம். குழாயில அடிக்குரல் வராது. அவன் ஓரமா உக்காந்து கை தட்டினான்.

ஒம்பதே முக்காலுக்கு போலீஸ். பத்துக்கு மேல ஒலிபெருக்கி கூடாது, அதுலயும் குழாய் கட்டியிருக்கன்னு என்னைத்தான் புடிச்சாங்க. சார் சாருனு கெஞ்சி கடைசிப் பாட்டை முடிச்சு, பத்துக்கு ரெண்டு நிமிஷம் இருக்கறப்ப பேட்டரி ஒயரைப் புடுங்கினேன்.

மார்ச் 11

ஆம்பூர்க்காரர் கணக்கு சொன்னார். மிக்சர் பவர் சப்ளை, ரெண்டு ஆம்ப். பேண்டுப் பசங்களுக்கு அடாப்டரும் பெடலும் நான்தான் தரணும். காலேஜ்ல பேசின காசுல பாதிதான் வந்துது. கேக்க வாய் வரல.

"நான்தான் மாமா முறுக்கல"ன்னு மச்சான் அழுதான். பாக்க வேண்டியவன் நான்.

கிடார் தம்பி போன் பண்ணான். 2011 அக்டோபர் 28 அன்னிக்கு குர்கான்ல மெட்டாலிகாங்கற அமெரிக்க ராக் பேண்டு வாசிக்கறதா இருந்துச்சாம். மேடைக்கு முன்னாடி போட்ட தடுப்பு சாஞ்சு நிகழ்ச்சியே நடக்கலயாம். ரெண்டு நாள் கழிச்சு பெங்களூர்ல வாசிச்சப்ப இவன் கூட்டத்துல நின்னானாம். "அவங்களே மேடை ஏறலண்ணா. நாம முடிச்சோம்." நல்ல பையன். பெடல் காசைத் தவணையில வாங்கிக்கறேன்னான்.

மார்ச் 17

நேத்து தேர்தல் தேதி சொல்லிட்டாங்க, நமக்கு ஏப்ரல் 19. காலையிலிருந்து ஆட்டோவுக்கு மைக் கேட்டு போன் வந்துகினே கீது. ஆம்பூர் கடன் கொஞ்சம் அடையும்.

மத்தியானம் நைனா கடைக்கு வந்து ஒண்ணும் பேசாம மெயின் பாக்ஸைப் பிரிச்சார். புது லக், ஸ்பிரிங் வாஷர் போட்டு ஸ்பேனரால முறுக்கினார். பேத்தியோட நெயில் பாலிஷை எடுத்து நட்டு மேலயும் தகடு மேலயும் சேத்து ஒரு செவப்புக் கோடு இழுத்தார். நட்டு அசைஞ்சா கோடு ஒடையும், பாத்தாலே தெரியும்.

சாயந்தரம் பொண்ணு பாட்டிலைத் தேடிகினு இருந்தா. நைனா பேப்பரை முகத்துக்கு நேரா தூக்கிப் புடிச்சிக்கினார்.