ரிலீஸ் வாரம், கிருஷ்ணகிரி

22 செப்டம்பர் 2025, திங்கள்

புது ஜிஎஸ்டி இன்று முதல். கேம் கடை ஷட்டரைத் தூக்கியதிலிருந்து ஒரே கேள்விதான்: "அண்ணா, பிஎஸ்5 எவ்வளவு குறைஞ்சிருக்கு?" ஒரு ரூபாயும் குறையவில்லை. பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) மாதிரி டிவியில் மாட்டி ஆடும் கன்சோலுக்கு வரியை 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறக்கியது 2019 ஜனவரியில். டிஸ்க்கும் 18தான். இன்று இறங்கியது 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவி. 43 அங்குலம் பார்த்து வைத்திருப்பவர்கள் இப்போது வாங்கலாம். ஆனால் பெட்டியில் 4கே என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்தால் போதாது. 60 ஹெர்ட்ஸா 120 ஹெர்ட்ஸா, அதாவது விநாடிக்கு எத்தனை முறை படம் மாறும் என்று கேட்டு வாங்க வேண்டும். 60 என்றாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. வீட்டுக்குப் போனதும் டிவி மெனுவில் கேம் மோடைப் போட வேண்டும், அவ்வளவுதான். அதைப் போடாமல் "பட்டன் அமுக்கினா லேட்டா வேலை செய்யுது" என்று கன்ட்ரோலரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

அடுத்த கேள்வி, கேமையெல்லாம் தடை பண்ணிவிட்டார்களாமே என்பது. ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கானது. அலமாரியில் இருக்கும் டிஸ்க்கை அது தொடாது.

கோஸ்ட் ஆஃப் யோட்டேய் கேம் ரிலீஸ் அக்டோபர் 2. விஜயதசமி.

24 செப்டம்பர், புதன்

போர்டர்லேண்ட்ஸ் 4 கேமின் சுவிட்ச் 2 (நிண்டெண்டோ கன்சோல்) பதிப்பு அக்டோபர் 3ஆம் தேதி வருவதாக இருந்தது. தள்ளிப் போட்டுவிட்டார்கள். கட்டிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

25 செப்டம்பர், வியாழன்

சைலண்ட் ஹில் எஃப் என்ற திகில் கேம் இன்று வந்தது. அட்டையில் பூவும் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்ணும். காலாண்டு விடுமுறை நெருங்குகிறது, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வரும் பையன்கள் அதைத்தான் எடுக்கிறார்கள். நம் நாட்டில் கேமுக்குத் தணிக்கை முத்திரை கிடையாது. பெட்டியின் கீழ் மூலையில் இருப்பது ஐரோப்பிய பெகி வயது எண்: 3, 7, 12, 16, 18. இதில் 18. 1960களின் ஜப்பானியக் கிராமம், உடம்பைக் கிழிக்கும் காட்சிகள் உண்டு. பெற்றோரிடம் அந்தச் சிவப்புக் கட்டத்தைக் காட்டிவிட்டுத்தான் பில் போடுவது. நாளை வரும் கால்பந்து கேம் எஃப்சிக்கு 3.

26 செப்டம்பர், வெள்ளி

எஃப்சி 26. கூட்டம். பெயர் மாறியும் இன்னும் எல்லோருக்கும் அது பழைய ஃபிஃபாதான். பெல்லிங்காமும் முசியாலாவும் இருக்கும் அட்டை சாதாரணப் பதிப்பு. ஸ்லாட்டன் இருப்பது அல்டிமேட். அதை வாங்கியவர்கள் 19ஆம் தேதியிலிருந்தே ஆடிக்கொண்டிருக்கிறார்கள், "உங்ககிட்ட ஏன் லேட்டு" என்பதற்குப் பதில் அதுதான்.

பில் போடும் முன் கேட்டே ஆக வேண்டியது ஒன்று: யாரோடு ஆடப்போகிறீர்கள்? கிராஸ்பிளே (வேறு வேறு மெஷின்காரர்கள் சேர்ந்து ஆடுவது) ஒரே தலைமுறைக்குள்தான். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், பிசி ஒரு பக்கம். பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஒரு பக்கம். பழையபேட்டையில் ஒருவனிடம் பிஎஸ்4, ராயக்கோட்டை ரோட்டில் அவன் சிநேகிதனிடம் பிஎஸ்5 என்றால் ஆளுக்கொரு டிஸ்க் வாங்கிப் போய் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டே இருப்பார்கள். வழி ஒன்று உண்டு: பிஎஸ்5 வைத்திருப்பவன் அதில் பிஎஸ்4 பதிப்பை ஓட்டினால் இருவரும் சேரலாம். அழகு கொஞ்சம் குறையும். ஆன்லைனில் ஆட இருவருக்கும் பிஎஸ் பிளஸ் சந்தா வேண்டும், அதைச் சொல்லாமல் விட்டால் அன்றைக்கு ராத்திரியே போன் வரும்.

பிஎஸ்4 ஆட்களுக்கு அடுத்த தொல்லை இடம். 500 ஜிபி மெஷினில் அப்டேட் 5 ஜிபிதானே என்று நினைப்பார்கள். பிஎஸ்4 அப்டேட்டை இறக்கியபின் கேமையே புதிதாக நகலெடுத்து அடுக்கும். அதனால் கேமின் முழு அளவுக்குக் காலி இடம் கேட்கும். "காப்பியிங்" என்று மணிக்கணக்கில் நிற்பதும் அதனால்தான், உள்ளே இருப்பது மெதுவாகச் சுற்றும் ஹார்டு டிஸ்க். பாதியில் வயரைப் பிடுங்காமல் இருந்தால் போதும். இடம் தீர்ந்தவர்களுக்கு யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க், குறைந்தது 250 ஜிபி; சும்மா பென் டிரைவைக் கொண்டுவந்தால் நடக்காது. அதே ஹார்டு டிஸ்க்கைப் பிஎஸ்5இல் மாட்டினால் பிஎஸ்4 கேம் அதிலிருந்தே ஓடும். பிஎஸ்5 கேமை அதில் சேமித்து வைக்கலாம், ஓட்ட முடியாது.

எஃப்சி 25 டிஸ்க்குகள் வரிசையாக வந்து விழுகின்றன. பழைய டிஸ்க் எக்ஸ்சேஞ்ச் பற்றி நாளைக்கு எழுத வேண்டும்.

29 செப்டம்பர், திங்கள்

பெங்களூரிலிருந்து யோட்டேய் பெட்டி கிளம்பிவிட்டது. இன்வாய்ஸ் 50,000 ரூபாய் தாண்டுவதால் இ-வே பில் (சரக்கு ஏற்றிப்போக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) போட்டிருக்கிறார்கள். வரியும் சேர்த்துத்தான் அந்த 50,000. பதினைந்து டிஸ்க் எடுத்தாலே தொட்டுவிடும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. பெங்களூரிலிருந்து இங்கே 90தான், ஆகவே ஒரே நாள்: நாளை நள்ளிரவோடு செல்லாது. புதனும் வியாழனும் லீவு. நாளைக்குள் வந்துவிட வேண்டும்.

எக்ஸ்சேஞ்ச். எஃப்சி 25க்கு போன வாரம் இருந்த விலை இன்று இல்லை, அடுத்த மாதம் இதுவும் இருக்காது. விற்க நினைப்பவர்கள் புதியது வருவதற்கு ஒரு மாதம் முன்பே வர வேண்டும், யாரும் வருவதில்லை. விசித்திரம் என்னவென்றால் ஃபிஃபா 23 டிஸ்க் அந்த அளவுக்கு விழவில்லை. 2023 செப்டம்பரில் பழைய ஃபிஃபாக்களை டிஜிட்டல் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது அதைப் புதிதாக வாங்க டிஸ்க் ஒன்றே வழி.

டிஸ்க்கை வாங்கும்போது பார்ப்பது: முதலில் நடு ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல். இருந்தால் வேண்டாம், சுற்றும்போது பெரிதாகும். பிறகு டியூப் லைட் அடியில் சாய்த்துப் பார்த்தால் கீறல் தெரியும். ப்ளூ-ரேயில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, டிவிடியில் 0.6, சிடியில் 1.2. சிடி காலத்துப் பழக்கத்தில் டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்துக் கொண்டுவருகிறார்கள். மேலே இருக்கும் கடினப் பூச்சும் போய், டிஸ்க்கும் போய்விடும். மைக்ரோஃபைபர் துணி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடைத்தால் போதும். வட்டமாகத் துடைக்கக் கூடாது.

30 செப்டம்பர், செவ்வாய்

காலை 9 மணி, யோட்டேய் பெட்டி டிராக்கிங்கில்: ஓசூர்.

மதியம் 2 மணி: ஓசூர். "அவுட் ஃபார் டெலிவரி" வரவில்லை.

பூஜைக்காகத் துடைக்க நான்கு மெஷின் வந்திருக்கிறது. முதலில் வந்த பிஎஸ்5 மாடல்களில் பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, ஸ்டாண்டைக் கழற்றிப் படுக்க வைத்து, வெள்ளைத் தகட்டின் மூலையை லேசாகத் தூக்கி நகர்த்தினால் வந்துவிடும். உள்ளே தூசி சேருவதற்கென்றே இரண்டு ஓட்டை வைத்திருக்கிறார்கள், வேக்கூமை அங்கே பிடிக்கலாம். ப்ளோயரால் ஊதுவதென்றால் ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் காற்றில் கன்னாபின்னாவென்று சுற்றி பேரிங் கெடும். ஒரு மெஷினில் தகட்டுக்கு அடியில் செம்மண்ணே படிந்திருந்தது. மாந்தோப்பு வீடாம், ஜன்னலை ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

மாலை 6: ஓசூர். இ-வே பில்லுக்கு நீட்டிப்பு, அதன் காலம் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும்தான் போட முடியும். அதாவது இன்று மாலை 4லிருந்து நாளை காலை 8 வரை. சரக்கை ஏற்றிவரும் டிரான்ஸ்போர்ட்காரர்கள்தான் போட வேண்டும், நாம் போட முடியாது. குடோனுக்குப் போன் போட்டால் எடுக்கிறார்கள், "பார்க்கிறோம் சார்" என்கிறார்கள். பில் காலாவதியான நிலையில் வண்டியை மடக்கினால் அபராதம் டிஸ்க் லாபத்தைவிடப் பெரிது.

இரவு 9: நீட்டிவிட்டார்கள்.

1 அக்டோபர், புதன், ஆயுத பூஜை

பொரி, கடலை, பூசணிக்காய். கன்சோலுக்குப் பொட்டு வைப்பவர்களுக்கு: தகட்டின் நடு வெள்ளையில் வையுங்கள். தகட்டுக்கும் கருப்பு உடம்புக்கும் இடையில் முன்புறம் இருக்கும் பிளவு காற்றை உள்ளே இழுக்கும் வாய். குங்குமம் அங்கே விழுந்தால் ஃபேன் உறிஞ்சிக்கொள்ளும். சந்தனம் ஈரமாக இருக்கும்வரை பரவாயில்லை, காய்ந்தால் பொடியாக உதிரும். மாலையே துடைத்துவிடலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. சாம்பிராணியை டிஸ்க் வாய்க்கு நேராகக் காட்டாதீர்கள், லென்ஸில் படலம் படியும். மெஷினை ஆஃப் செய்துவிட்டுக் கும்பிடுவது உத்தமம்.

ஓசூர்.

2 அக்டோபர், வியாழன்

யோட்டேயை டிஜிட்டலில் (டிஸ்க் இல்லாமல் நெட்டில் இறக்கி) வாங்கியவர்கள் நள்ளிரவு 12க்கே ஆரம்பித்துவிட்டார்கள். வாட்ஸ்அப் முழுக்க அவர்கள் போட்ட மலைப் படங்கள். கதை நடப்பது 1603, இடம் ஜப்பானின் எசோ, நாயகி அட்சு. டிஸ்க்குக்குச் சொல்லி வைத்தவர்கள் "எப்போண்ணா" என்கிறார்கள்.

சிலர் டிஜிட்டலுக்கே மாறிவிடலாமா என்று கேட்கிறார்கள். கணக்குப் போட்டுச் சொன்னேன். கேம் 80 ஜிபி என்று வைத்துக்கொண்டால், 40 எம்பிபிஎஸ் லைனில் விநாடிக்கு 5 எம்பி, ஏறக்குறைய நாலரை மணி நேரம். 100 லைனில் இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவு. அதுவும் வைஃபை இரண்டு சுவர் தாண்டாமல் இருந்தால். நாளைக்கு 2 ஜிபி தரும் போன் பேக்கில் ஹாட்ஸ்பாட் போட்டால் நாற்பது நாள். பிறகு ஒன்று: டிஜிட்டலை எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுவர முடியாது. டிஸ்க் டிரைவ் இல்லாத ஸ்லிம் பிஎஸ்5 வைத்திருப்பவர்கள் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம், முதல் முறை மாட்டும்போது இன்டர்நெட் இருந்தே ஆக வேண்டும்.

பாதி விலைக்கும் கீழே "அக்கவுண்ட்" விற்பவனின் நம்பரை ஒரு பையன் காட்டினான். ஒரே அக்கவுண்ட்டைப் பலருக்கு விற்று, ஒருவருக்கு கன்சோல் ஷேரிங் (அந்த மெஷினில் யாரும் அந்தக் கேமை ஆடும் வசதி) போட்டுக்கொடுத்து, மற்றவர்களை அதே அக்கவுண்ட்டில் ஆடச் சொல்வது. விற்றவன் பாஸ்வேர்டை மாற்றிய அன்றைக்கு உங்கள் திரையில் கேம் மேல் பூட்டுப் படம் வரும். புகார் சொல்ல ஆள் கிடையாது. வேண்டாம் தம்பி என்றேன், யோசிக்கிறேன் என்றான். வாங்குவான்.

"பிஎஸ்4க்கு வருமா அண்ணா?"

"வராதுப்பா. இதுக்கு முந்தின கோஸ்ட் ஆஃப் சுஷிமா வந்தது, இது பிஎஸ்5க்கு மட்டும்."

மரியோ கேலக்சி இரண்டும் சேர்ந்த பெட்டியும் இன்றுதான் ரிலீஸ். நிண்டெண்டோ இங்கே அதிகாரபூர்வமாக விற்பதில்லை, எல்லாம் இறக்குமதி, வாரன்டி கடைக்காரன் வாய்ச்சொல்தான். சுவிட்ச் 2 பெட்டி வாங்கும்போது முன் அட்டையின் அடியில் சாவிப் படம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கார்டுக்குள் கேம் இல்லை, முழுக்க இறக்க வேண்டும். கார்டு மட்டும் ஒவ்வொரு முறையும் சொருகியிருக்க வேண்டும். மறுவிற்பனை செய்யலாம் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

ஓசூர்.

3 அக்டோபர், வெள்ளி

வந்துவிட்டது, காலை 10:40. பெட்டியின் ஒரு மூலை நசுங்கல், உள்ளே கேஸ் ஒன்று உடைசல், டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை.

கொடுக்கும்போது ஒவ்வொருவருக்கும் சொன்னது. டிஸ்க்கைப் போடும் முன் நெட்டை ஆஃப் செய்யுங்கள். டிஸ்க்கிலிருந்து நகல் முதலில் முடியட்டும். டிரைவின் வேகம் உச்சத்தில் விநாடிக்கு 45 எம்பி, உள்வட்டத்தில் அதைவிடக் குறைவு, முக்கால் மணி நேரம் வரை ஆகலாம். பிறகு நெட்டைப் போட்டு அப்டேட். இரண்டும் சேர்ந்து ஓடினால் எது நகல், எது இறக்கம் என்று தெரியாமல் பாதியில் பயந்து டிஸ்க்கை எடுக்கிறார்கள். முடிந்தபின்னும் ஆடும்போது டிஸ்க் உள்ளேயே இருக்க வேண்டும். 825 ஜிபி மெஷினில் கைக்கு வருவது 667 மட்டுமே, முதலில் ஸ்டோரேஜைப் பாருங்கள். பெர்ஃபார்மன்ஸ் மோடு போட்டால் விநாடிக்கு 60 பிரேம். கருப்பு வெள்ளை மோடு ஒன்று இருக்கிறது, அது தெரியாமல் பட்டுவிட்டால் டிவி போய்விட்டதென்று கலங்க வேண்டாம்.

துபாயிலிருந்து மாமா வாங்கி வந்த டிஸ்க் ஓடுமா? ஓடும், பிஎஸ்5 கேமுக்கு ரீஜன் பூட்டு கிடையாது. ஆனால் பெட்டிக்குள் சீட்டில் இருக்கும் ரகசிய எண் (கோட்) அந்த நாட்டு அக்கவுண்ட்டில்தான் ஏறும். டிஎல்சி (கேமின் கூடுதல் பகுதி) வாங்குவதும் அப்படித்தான்.

இன்னும் இருவர் வாங்க வரவில்லை. போன் எடுக்கவில்லை.

4 அக்டோபர், சனி

நகலெடுக்கும்போது கரண்ட் போய், மெஷின் திரும்ப எழவில்லை என்று ஒன்று வந்தது. எழுந்தது. பவர் பட்டனை ஏழு விநாடி, இரண்டாவது பீப் கேட்கும்வரை அமுக்கி சேஃப் மோடு; கன்ட்ரோலரைக் கேபிளில் மாட்டி, ஐந்தாவது வரி, கேஷ் அழித்து டேட்டாபேஸ் மறுகட்டமைப்பு. சேவ் செய்த ஆட்டம் அழியாது. ஆறும் ஏழும் எல்லாவற்றையும் அழிக்கும், அதில் கை வைக்காதீர்கள்.

வீட்டில் இன்வர்ட்டர் இருந்தும் மெஷின் அணைகிறது என்றால் இன்வர்ட்டரின் பின்னாலிருக்கும் சுவிட்ச்சைப் பாருங்கள். யுபிஎஸ் மோடில் வைத்தால் மாறும் நேரம் குறையும், கன்சோல் தாங்கும். தனி யுபிஎஸ் என்றால் 600 விஏ பெட்டி வழக்கமாக 360 வாட்தான் தரும். பிஎஸ்5 சுமார் 200, பெரிய டிவி 100. சேவ் செய்து அணைப்பதற்கு நேரம் கிடைக்கும், ஆட்டத்தை முடிக்க அல்ல.

6 அக்டோபர், திங்கள்

பேட்டில்ஃபீல்டு 6 கேம் வெள்ளிக்கிழமை ரிலீஸ். ரவுண்டானா பக்கத்துக் கேமிங் சென்டரிலிருந்து கம்ப்யூட்டர்களைத் தயார் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். செக்யூர் பூட் (கம்ப்யூட்டர் எழும்போதே மென்பொருளைச் சரிபார்க்கும் பாதுகாப்பு) இல்லாமல் கேம் திறக்காது. விண்டோஸின் எம்எஸ்இன்ஃபோவில் பார்த்தால் எல்லாம் லெகசி, அதாவது பழைய பூட் முறை. வரிசை முக்கியம்: முதலில் பேக்கப், பிறகு அட்மின் கமாண்டில் எம்பிஆர்2ஜிபிடி (டிஸ்க்கைப் புது பூட் முறைக்கு மாற்றும் கருவி) வேலிடேட், சரியென்றால் கன்வர்ட், அதற்குப் பிறகே பயாஸில் சிஎஸ்எம் (பழைய பூட் முறைக்கான வசதி) ஆஃப், டிபிஎம் பாதுகாப்புக்கு இன்டெலில் பிடிடி அல்லது ஏஎம்டியில் எஃப்டிபிஎம் ஆன், கடைசியாக செக்யூர் பூட். சிஎஸ்எம்மை முதலில் அணைத்தால் விண்டோஸ் எழாது. பழைய கிராபிக்ஸ் கார்டு என்றால் திரையே கருப்பாக நிற்கும். ஆனால் இந்தக் கேமுக்கு ஆர்டிஎக்ஸ் 2060 வேண்டியிருப்பதால் அந்தக் கார்டுகளுக்கு எப்படியும் வேலையில்லை.

முதல் இரண்டு கம்ப்யூட்டரும் முடிந்தது. மூன்றாவது வேலிடேட்டிலேயே நின்றுவிட்டது: நான்கு பிரைமரி பார்ட்டிஷன், மூன்றுக்கு மேல் இருந்தால் ஏற்காது. டி டிரைவில் யாரோ கல்யாண வீடியோ 200 ஜிபி வைத்திருக்கிறார்கள். கேட்டுவிட்டுத்தான் அழிக்க வேண்டும்.