முன்பின் சாய்வு ஒருவழியாக அடங்கியது

என் மில்லிங் மெஷினில் (சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்கும் மெஷின்) ஸ்பிண்டிலின், அதாவது கட்டரைச் சுழற்றும் தண்டின், முன்பின் சாய்வு 0.01 மி.மீ.க்குள் வந்துவிட்டது. டயலை (ஒரு டிவிஷனுக்கு 0.01 மி.மீ. காட்டும் முள் அளவி) ஸ்பிண்டிலில் மாட்டிக் கையால் சுற்றினால், 168 மி.மீ. வட்டத்தில் டயல் முள் எந்தப் பக்கமும் ஒரு டிவிஷனைத் தாண்டுவதில்லை. ஃப்ளை கட்டர் (ஒற்றை வெட்டுமுனைக் கட்டர்) ஓட்டிய அலுமினியத் தகட்டில், போகும் கோடும் பின்னால் உரசிவரும் கோடும் குறுக்கும் நெடுக்குமாகச் சரிசமமாக விழுந்திருக்கின்றன. அடைமழைக் காலம் முழுக்க இந்த மெஷினைத் திட்டித் தீர்த்தவன் நான். கொஞ்சம் பீற்றிக்கொண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெஷின் சாதாரண பெஞ்ச் மில்தான். காலம் (column, ஹெட்டைத் தாங்கும் தூண்) அடித்தளத்தின் மேல் நான்கு போல்ட்டில் உட்காரும். ஸ்பிண்டில் இருக்கும் ஹெட் இடவலமாகத் திரும்பும், முன்பின்னாகத் திரும்பாது. இடவலத்தைச் சரிசெய்வதில் பெரிய வித்தை ஏதும் இல்லை. போல்ட்டைத் தளர்த்தி, மரச்சுத்தியால் தட்டி, இறுக்கும்போது எவ்வளவு நகருமோ அதை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் கொடுத்துவிட்டால் முடிந்தது. முன்பின்னுக்குத் தளர்த்த ஒரு போல்ட் கூடக் கிடையாது. தொழிற்சாலையில் உட்கார்த்தியது உட்கார்த்தியதுதான். பெட்டிக்குள் வந்த சோதனைத் தாளில் எல்லாக் கட்டத்திலும் 0.02-க்குக் கீழே அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். என் டயலோ முன்பக்கம் 0.14 கூடுதலாகக் காட்டியது. எழுதிய ஆள் மெஷினை நேரில் பார்த்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

இடவலம் சாய்ந்திருந்தால் நீளவாக்கில் ஓட்டும்போது நடுவில் குழியும். முன்பின் சாய்ந்திருந்தால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே படி விழும். எனக்கு விழுந்தது படி. நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு. நான் செய்துகொண்டிருப்பது ஒரு குட்டி நீராவி என்ஜின். அதன் அடித்தகட்டில் சிலிண்டரும் கிராங்க் தண்டின் பேரிங்குகளும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறைக்கிற கதை அங்கே நடக்காது.

டயலை நேராக டேபிள் மேல் ஓட்டினால் டி-ஸ்லாட் (போல்ட் பிடிக்கும் பள்ளம்) வரும் இடமெல்லாம் முனை விழுந்து எழும். கண்ணாடிப் பலகை வைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது அதைவிட உசத்தி: அறுவடை மெஷின்களையும் டிராக்டர்களையும் பிரித்துப்போடும் பட்டறையிலிருந்து 6220 பேரிங்கின் வெளிவளையம். வெளிவிட்டம் 180, அகலம் 34. இரண்டு முகமும் கிரைண்டிங் செய்தவை, கெட்டியான எஃகு. நெல் அறுவடை முடிந்த கையோடு இந்தப் பக்கத்துப் பட்டறைகளுக்குப் போனால் இப்படிச் சரக்கு மலிவாகக் கிடைக்கும். வாங்கியதும், டயலை ஒரே இடத்தில் நிறுத்தி வளையத்தை மட்டும் அதன் அடியில் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். என்னுடையதில் முள் அசையவில்லை. டேபிளின் அகலம் 160தான். வளையம் முன்னும் பின்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருப்பதும் வசதி, வட்டம் பெரிதாகக் கிடைக்கிறது. டயல் பின்பக்கம் போகும்போது முகம் சுவரைப் பார்க்கும். அதைப் படிக்க முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று போதும்.

சரி, இனிதான் விஷயமே. முன்பக்கம் 0.14 கூடுதல் என்றால் காலத்தின் முன் போல்ட்டுகளுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) கொடு, காலம் பின்னால் நிமிரும், வேலை முடிந்தது: பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள். அப்படிச் செய்தால் டயல் பூஜ்யம் காட்டும், மெஷின் மட்டும் சரியாகாது. ஏனென்றால் அந்த 0.14-க்குள் இரண்டு கோளாறு இருக்கலாம். டேபிளுக்குக் காலம் செங்குத்தாக இல்லாதது ஒன்று. காலத்துக்கு ஸ்பிண்டில் இணையாக இல்லாதது இன்னொன்று. இரண்டாவதன் பழியையும் காலத்தின் மேலேயே போட்டுவிட்டால், ஹெட்டை மேலும் கீழும் நகர்த்தும்போது கட்டர் சாய்வாகப் பயணிக்கும். ஓர் உயரத்தில் துளை போட்டு, ஹெட்டைத் தூக்கி ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீராக்கும் கருவி) மாட்டி இறக்கினால் துளையின் மையம் விலகியிருக்கும்.

இரண்டையும் தனித்தனியாகப் பிடிக்க ஓர் உருளையும் ஒரு தண்டும் வேண்டும். உருளையை ஊரில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன்: 60 மி.மீ. விட்டம், 180 உயரம், அடிமுகத்தின் நடுவில் லேசாகக் குடைந்து விளிம்பு மட்டும் உட்காரும்படி. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அங்கே தினமும் வந்து உட்காருவார். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “முகத்தையும் மேலையும் ஒரே புடியில அடிக்கச் சொல்லு தம்பி. களட்டி மாட்டினா அது மூலைமட்டம் இல்ல, வெறும் இரும்பு” என்றார். கடைந்தவருக்கு அதில் லேசான வருத்தம். ஆனாலும் ஒரே பிடியில்தான் முடித்தார்.

உருளையை டேபிளில் நிறுத்தி, ஹெட்டில் கட்டிய டயலை அதன் முன்பக்கம் தொடவிட்டு 150 மி.மீ. உயரத்துக்கு ஓட்டினேன். பிறகு உருளையை அரைச்சுற்று திருப்பி மறுபடியும். இரண்டின் சராசரியை எடுத்தால் உருளை அடிமுகத்துக்குச் செங்குத்தாக நிற்காத பிழை இருந்தாலும் அடிபட்டுப் போகும். வந்தது 0.09. அடுத்து ஸ்பிண்டிலில் நேரான தண்டைப் பிடித்து, டயலை டேபிளில் வைத்து, ஹெட்டை 100 மி.மீ. நகர்த்தினேன். இங்கேயும் அரைச்சுற்று, சராசரி. வந்தது 0.02-க்குச் சற்று மேல். கணக்கைப் பாருங்கள்: 150-க்கு 0.09 என்றால் 168-க்கு 0.10. 100-க்கு 0.023 என்றால் 168-க்கு 0.04. கூட்டினால் அந்தப் பழைய 0.14! இந்தக் கூட்டல் பொருந்தியபோதுதான் என் டயலின் மேலேயே எனக்கு நம்பிக்கை வந்தது.

அளவெடுப்பது எல்லாமே ஹெட்டை லாக் செய்த பிறகுதான். ஜிப் (ஹெட்டின் ஆட்டத்தைக் குறைக்கும் பட்டை) எவ்வளவு நன்றாக இறுக்கியிருந்தாலும், லாக் இல்லாமல் பார்த்தால் ஹெட் தன் எடையில் மூக்கைத் தொங்கப்போடும். உருளை மேல் ஓட்டும்போதும் அப்படித்தான்: கீழிருந்து மேலே வந்து நிறுத்து, லாக் செய், படி. எப்போதும் ஒரே திசை.

இனி ஷிம். காலத்தின் முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் இடைவெளி 130. 150-க்கு 0.09 என்ற கணக்கில் 130-க்குத் தேவை 0.08. இருசக்கர வண்டி மெக்கானிக்குகள் டாப்பெட் வைக்கும் ஃபீலர் கேஜிலிருந்து (இடைவெளி அளக்கும் தகட்டு இலைக் கட்டு) 0.08 இலையைக் கழற்றி, போல்ட்டைச் சுற்றி அணைக்கும்படி வெட்டிக் கொடுத்தேன். குளிர்பானக் கேன் தகடு ஏறக்குறைய 0.1 இருக்கும், அது இங்கே அதிகம். ஹெட்டுக்கு, அதன் ஃப்ளாஞ்சின் (போல்ட் மாட்டும் விளிம்பு) கீழ்ப் போல்ட்டுகள் பக்கம் 0.02. அவ்வளவு மெல்லியதை எந்தக் கடையில் போய்க் கேட்பது? சமையலறையில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை மைக்ரோமீட்டரில் பிடித்தால் 0.011. இரண்டு அடுக்கு, வேலை முடிந்தது. வீட்டில், “அந்த ரோல எங்க கொண்டு போனீங்க?” என்ற கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். டயல் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். எந்தப் போல்ட் எவ்வளவு இழுக்கிறது என்று முள் காட்டிக்கொடுக்கும். என் காலத்தில் பின்பக்க இடது போல்ட்தான் வில்லன்.

என் பட்டறை பழைய மாட்டுக்கொட்டகை. கோமியம் வடிய அந்தக் காலத்தில் தரையை வாட்டம் விட்டுப் போட்டிருக்கிறார்கள். வந்து பார்க்கும் எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள், ரசமட்டம் வைத்துப் பார்த்தாயா என்று. மில்லுக்கு மட்டம் அவ்வளவு முக்கியம் இல்லை. ஸ்டாண்டு முறுக்கிக்கொள்ளாமல் நின்றால் சரி. எனக்குத் தொல்லை கொடுத்தது மேற்கு ஜன்னல். மாலை வெயில் மெஷின் காலத்தின் முதுகில் விழுந்தால், பின்பக்கம் சூடேறி நீண்டு, ஹெட் முன்னால் சாய்கிறது. கணக்குப் போட்டால், 600 உயரம், 120 ஆழம் உள்ள வார்ப்பிரும்பில் மூன்று டிகிரி வித்தியாசமே என் வட்டத்தில் இரண்டு மூன்று டிவிஷனைத் தின்னும். ஜன்னலுக்கு இப்போது சாக்குத் திரை போட்டாயிற்று. டயல் வேலை காலையில் மட்டும்.

ஷிம் ஓரத்தில் மட்டும் இருப்பதால் காலத்துக்கு அடியில் நடுவில் காற்றுதான். பெரிய கட்டர் போட்டால் அதிர்வு கேட்கிறது. இரும்புத்தூள் கலந்த எபாக்ஸியை அடியில் நிரப்பி உட்கார வைப்பதுதான் நிரந்தர வழி. கோயம்புத்தூரில் ஒரு கடையில் சின்ன டப்பா தருவதாகச் சொன்னார்கள். பார்சல் செலவு சரக்கு விலையைத் தொடுகிறது என்பதால் அப்படியே நிற்கிறது. வெயில் காலத்துக்குள் செய்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் காலத்தைக் கழற்றினால் சுரண்டிய முகம் விடிவதற்குள் துருப்பிடித்துவிடும். 68 நம்பர் ஸ்லைட்வே ஆயில் எவ்வளவு பூசினாலும் இந்த ஊர்க் காற்றோடு மல்லுக்கட்டத்தான் வேண்டியிருக்கிறது.

இதற்கு நடுவில் என்ஜினின் ஃப்ளைவீலும் வந்துவிட்டது. நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறை ஒன்றில் மர மாதிரியைக் கொடுத்துப் பித்தளையில் வார்த்தது. காவிரி வண்டலில் எடுத்த அச்சு. ஆரங்களில் கூட ஒரு ஊசித்துளை இல்லை. அதை எப்படிப் பிடித்துக் கடைவது என்று யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது, அடித்தகட்டில் இன்னும் ஒரு துளை கூடப் போடவில்லை.

அதற்கு முன்னால் வைஸ் (செதுக்கும் துண்டைப் பிடிக்கும் இடுக்கி). அதன் நிலைத்தாடை டேபிள் ஓட்டத்தோடு 100-க்கு 0.05 விலகி நிற்கிறது. அடியில் 12 மி.மீ. ஸ்லாட்டுக்குப் பொருந்தும் இரண்டு கீ செய்து மாட்டிவிட்டால் ஒவ்வொரு தடவையும் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஸ்லாட்டை அளந்தால் இடதுபக்கம் 12.04, வலதுபக்கம் 12.11. வலதுபக்கத்துக்கே கீயை அரைத்தால் இடதுபக்கம் போகாது. இரண்டு கீயையும் இடதுபக்கத்துக்குப் பொருத்திவிட்டு, வைஸை அங்கேயே நிரந்தரமாக உட்கார வைக்கலாம் என்றிருக்கிறேன்.