முதலிடத்தில் தொடங்கிய ஆண்டு

2023 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை மாலை. அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியக் கூடைப்பந்துப் போட்டியான என்.சி.ஏ.ஏ.வுக்குத் தேர்வான 68 கல்லூரி அணிகளின் பெயர்களைத் தொலைக்காட்சியில் ஒவ்வொன்றாக அறிவித்தார்கள். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் பெயர் கடைசிவரை வரவே இல்லை. சீசன் தொடங்குமுன் வெளியான ஏ.பி. செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அணி இது. 1985-இல் போட்டி 64 அணிகளாக விரிந்த பிறகு, அப்படி முதலிடத்தில் தொடங்கிய ஓர் அணி போட்டிக்குள்ளேயே நுழைய முடியாமல் போனது அதுவே முதல் முறை. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பல் ஹில்லுக்கு அருகில் குடியிருந்து, அதன் வான்நீலச் சட்டைக்காரர்களின் ஆட்டத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வரும் எனக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

எங்கள் எதிர்பார்ப்புக்குக் காரணம் இருந்தது. முந்தைய ஆண்டு அரையிறுதியில் பரம எதிரியான டியூக்கை 81-77 என்று வென்று, இறுதியாட்டத்தில் கான்சஸுக்கு எதிராக இடைவேளையில் 40-25 என முன்னிலை பெற்று, கடைசியில் 72-69 என்று கோப்பையை நழுவவிட்ட அணி இது. அதன் தொடக்க ஐவரில் கூடைக்கு அருகில் ஆடும் ஆர்மாண்டோ பேகாட், கேலப் லவ், ஆர்.ஜே. டேவிஸ், லீக்கி பிளாக் ஆகிய நால்வரும் திரும்பி வந்திருந்தார்கள். ஆனால் அதே அணி முந்தைய ஆண்டுப் போட்டிக்குள் தன் பிரிவின் தரவரிசையில் எட்டாம் நிலை அணியாகத்தான் நுழைந்தது என்பதையும், பல மாதங்கள் தடுமாறிய பிறகே அதற்கு ஆட்டம் பிடிபட்டது என்பதையும் நாங்கள் எல்லோரும் மறந்துவிட்டோம். மூன்று வாரத்தில் கிடைத்த ஐந்து வெற்றிகளை முழு ஆண்டின் கணக்காக எடுத்துக்கொண்டதுதான் எங்கள் பிழை என்று இப்போது நினைக்கிறேன்.

2022 நவம்பர் 27 அன்று போர்ட்லாந்தில் நடந்த அலபாமா ஆட்டத்தை நானும் மகனும் வீட்டில் பார்த்தோம். இரண்டு நாள் முன்புதான் அயோவா ஸ்டேட்டிடம் தோற்றிருந்தார்கள். ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று நீண்டபோது அவன் சோபாவிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, முழங்கால்களைக் கட்டிக்கொண்டான். லவ் 34 புள்ளிகள் எடுத்தும், நான்காவது கூடுதல் நேரத்தின் முடிவில் 103-101 என்று தோல்வி. அடுத்து இண்டியானா, அதன்பின் தோள் காயத்தால் பேகாட் ஆடாத வர்ஜீனியா டெக் ஆட்டம். தொடர்ந்து நான்கு தோல்விகள்.

பேகாட் அந்த ஆண்டுதான் பல்கலைக்கழக வரலாற்றிலேயே அதிக ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) எடுத்தவரானார். குறை வெளியிலிருந்து எறிவதில்தான் இருந்தது. தொடக்க ஐவரில் திரும்பி வராத ஐந்தாமவரான பிரேடி மேனெக் இருந்தவரை, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே அவர் நின்றாலே எதிரணியின் உயரமான வீரர் ஒருவர் கூடையை விட்டு விலகி வர வேண்டியிருந்தது. அதனால் பேகாட்டுக்கு உள்ளே இடம் கிடைத்தது. மேனெக் போனபின் வந்த பீட் நான்ஸ் நல்ல வீரர்தான் என்றாலும் அந்த அச்சத்தை அவரால் உண்டாக்க முடியவில்லை. அணியின் மூன்று புள்ளி எறிவு 31 விழுக்காட்டளவில் நின்றுவிட, எதிரணிகள் தயங்காமல் உள்ளே குவிந்து பேகாட்டைச் சூழ்ந்தன. வலுவான அணிகளுக்கு எதிரானவை என்று தேர்வுக் குழு முதல் தரமாகக் கணக்கிடும் ஆட்டங்களில் ஒன்றில் வெற்றி, ஒன்பதில் தோல்வி. டியூக்கிடம் இரு முறையும் தோற்றோம்.

20 வெற்றி, 13 தோல்வி என்ற கணக்கோடு, அடுத்த நிலைப் போட்டியான என்.ஐ.டி.யிலும் ஆடுவதில்லை என்று அணி முடிவெடுத்தது. களைப்பும் மனச்சோர்வும் எனக்குப் புரிகின்றன. ஆனாலும் அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஐந்து ஆண்டுகள் இந்தச் சட்டையை அணிந்து, ஒவ்வோர் ஆட்டத்திலும் எதிரணியின் சிறந்த வீரரைத் தடுக்கும் வேலையை முகம் சுளிக்காமல் செய்த லீக்கி பிளாக்குக்குக் கல்லூரி ஆட்டம் அத்துடன் முடிந்தது. தேர்வு அறிவிப்புக்குச் சில நாள் முன்பு கிரீன்ஸ்பரோவில் வர்ஜீனியாவிடம் 68-59 என்று தோற்ற அந்த இரவே அவருடைய கடைசி ஆட்டமாகிவிட்டது.