வலது பக்க இருக்கையிலிருந்து

செப்டம்பர் 11, பொன்மலை

உதவி லோகோ பைலட், அதாவது ரயில் எஞ்சின் டிரைவருக்கு உதவியாளர் வேலைக்காக, ரயில்வே மருத்துவமனையில் இன்று ஏ-1 மெடிக்கல் முடிந்தது. ரயில்வே வேலைகளுக்கான மருத்துவத் தரங்களில் இதுதான் ஆகக் கடுமையானது. கண்ணாடி போடாமல் இரண்டு கண்ணும் 6/6 இருக்க வேண்டும். அதோடு விடுவதில்லை. +2 பவர் லென்ஸைக் கண் முன்னால் வைத்து மறுபடி அதே பலகையைப் படிக்கச் சொல்கிறார்கள். அந்த லென்ஸ் வழியாகவும் தெளிவாகப் படித்துவிட்டால் ஆள் ஃபெயில். கண்ணுக்குள் குறை ஒளிந்திருக்கிறது, இன்றைக்குச் சமாளிக்கிற கண் நாளைக்குக் கண்ணாடி கேட்கும் என்று அர்த்தம். பிறகு புள்ளிப் படத்தில் எண் கண்டுபிடிப்பது, இருட்டறையில் விளக்கின் நிறம் சொல்வது.

வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதுப் பையன்கள். எனக்கு முன்னால் நின்ற ஒருவனுக்கு நிறக்குறை இருப்பது இன்றுதான் அவனுக்கே தெரிந்தது. முதல் தாள், இரண்டாம் தாள், ஆப்டிட்யூட் டெஸ்ட் மூன்றையும் தாண்டி வந்தவன். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதான். என்ன சொல்லித் தேற்றுவதென்று தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். "அண்ணே, வீட்ல எப்படிச் சொல்றது?" என்று மட்டும் கேட்டான். அவன் அப்பாவுக்கு நான்தான் போன் போட்டுச் சொன்னேன்.

நான் ஃபிட்.

செப்டம்பர் 20, ஊர்

மாமா நேராகவே கேட்டுவிட்டார். "ஹவில்தாரா இருந்துட்டு மறுபடியும் அடியில இருந்தா ஆரம்பிக்கணும் மாப்ள? பேங்க்ல செக்யூரிட்டின்னா உள்ளூர்லயே இருக்கலாமே."

அவர் கேட்பதில் நியாயம் உண்டு. உதவி லோகோ பைலட் என்றால் சம்பள நிலை 2, தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். படையில் ஹவில்தார் நிலை 5. ஆனால் ஓய்வூதியம் தனியாக வருகிறது, ஓடுகிற கிலோமீட்டருக்குத் தனிப்படி உண்டு என்று கணக்குச் சொன்னேன். பாதிதான் சமாதானமானார்.

அவரிடம் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. பதினேழு வருஷம் ராணுவத்தின் பழுதுபார்க்கும் பிரிவான ஈ.எம்.இ.யில் வண்டி மெக்கானிக்காக இருந்தவன் நான். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எங்கே நோவு என்று சொல்லுகிற காதும் கையும் இன்னும் நன்றாக இருக்கின்றன. முப்பத்தாறு வயதில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார மனசு வரவில்லை. அந்த வேலை பார்க்கிற நண்பர்கள் எனக்கு நிறைய. அவர்களைக் குறைவாக நினைக்கவில்லை. எனக்கு மெஷின் வேண்டும், அவ்வளவுதான்.

நவம்பர் 4, திருச்சி

பயிற்சி மையத்தில் விதிப்புத்தகம் நடக்கிறது. பையன்களுக்குக் கொட்டாவி. எனக்கு இது பழகிய மொழி. ராணுவத்தில் எஸ்.ஓ.பி. (வகுத்துவைத்த செயல்முறை) என்று எதையெல்லாம் மனப்பாடம் செய்தோமோ அதே கண்டிப்பு ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது.

இன்று ரயிலைப் பாதுகாக்கும் முறை. வண்டி தடம் புரண்டோ, இணைப்பு அறுந்தோ பக்கத்துப் பாதையை அடைத்து நின்றுவிட்டால், உடனே ஃபிளாஷர் விளக்கைப் போட வேண்டும். பிறகு உதவி லோகோ பைலட் டெட்டனேட்டர் (தண்டவாளத்தில் வைக்கும் எச்சரிக்கை வெடி), சிவப்புக் கொடி, இரவென்றால் சிவப்பு விளக்கு எடுத்துக்கொண்டு எதிரே ஓட வேண்டும். அகலப்பாதையில் 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர். 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. எதிரே வருகிற எஞ்சின் சக்கரம் ஏறினால் வெடிக்கும். அந்தச் சத்தத்தில் அந்த வண்டியின் டிரைவர் பிரேக் போடுவார்.

ஜல்லி மேல் 1,200 மீட்டர். இருட்டில். எதிரே வண்டி வந்துகொண்டிருக்கிறதா இல்லையா என்று தெரியாமல். பையன்கள் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முதுகில் பேக், கையில் ரைஃபிளோடு 5 கிலோமீட்டர் ஓடிப் பழகியவனுக்கு இந்தத் தூரம் பெரிதில்லை. ஆனால் ஓடும் வேகம் எத்தனை பேரின் உயிரோடு கட்டப்பட்டிருக்கிறது என்பது வேறு விஷயம். இன்று மாலையிலிருந்து மைதானத்தில் மறுபடி ஓட ஆரம்பித்திருக்கிறேன். இரண்டு பையன்கள் கூட வந்தார்கள்.

நவம்பர் 17, திருச்சி

"பட்டாளத்துக்கும் ரயிலுக்கும் என்னண்ணே சம்பந்தம்?" என்று மெஸ்ஸில் ஒருவன் கேட்டான். கட்ரா ரோடு பற்றிச் சொன்னேன்.

ராஜஸ்தானில் பார்மேருக்கும் மேற்கே, எல்லையை ஒட்டிய சின்ன ஸ்டேஷன் அது. 1965 போரில் முன்னணிக்குத் தளவாடம் கொண்டுபோக அந்தப் பாதை ஒன்றுதான். குண்டு விழுந்து பாதை உடைய உடைய ரயில்வே ஆட்கள் சரிசெய்தார்கள், வண்டியை ஓட்டினார்கள். செப்டம்பரில் விமானத் தாக்குதலில் அங்கே அவர்களில் பலர் செத்துப்போனார்கள். கேங்மேன், ஃபயர்மேன், டிரைவர். கையில் ஆயுதம் இல்லாதவர்கள். வருஷாவருஷம் செப்டம்பரில் ரயில்வேக்காரர்கள் கூடி அங்கே அஞ்சலி செலுத்துகிறார்கள். அந்தப் பக்கம் நான் போஸ்டிங்கில் இருந்தபோது போய்ப் பார்த்திருக்கிறேன்.

மிலிட்டரி ஸ்பெஷலில் தட்டை வேகன் மேல் வண்டிகளைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, கூடவே நாட்கணக்கில் போயிருக்கிறேன். எஞ்சினில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. வண்டி நின்றால் "சிக்னல் இல்லையாம்" என்போம், தூங்கிவிடுவோம்.

ஜனவரி 22, ஆவடி

மின்சார எஞ்சின் வகுப்புகள். ஆவடி எனக்குப் பழைய இடம். கனரக வாகனத் தொழிற்சாலையில் செய்த டி-72 டாங்கிகளைத்தான் வருஷக்கணக்கில் பிரித்து மாட்டினேன். அதன் எஞ்சின் 780 குதிரைத்திறன். இங்கே வகுப்பில் படிக்கிற டபிள்யூஏஜி-9 சரக்கு ரயில் எஞ்சின் 6,120. எடை 123 டன். ஆனால் உள்ளே எண்ணெய் வாடை இல்லை, அதிர்வு இல்லை. 25,000 வோல்ட் மேலே கம்பியிலிருந்து இறங்கி வருகிறது. பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்புகிறது. மெக்கானிக் மூளைக்கு இது பெரிய சந்தோஷம்.

பிரேக்தான் முக்கியம் என்று ஆசிரியர் நாள் முழுக்க அதிலேயே நின்றார். வண்டி நெடுகப் போகும் குழாயில் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. அது இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும். அழுத்தத்தை இறக்கினால் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தாலும், வேகன் கழன்றாலும், காற்று போய்த் தானாகவே பிடித்துக்கொள்ளும். டிரைவர் கையில் இரண்டு பிரேக் பிடிகள்: ஏ-9 வண்டி முழுவதற்கும், எஸ்ஏ-9 எஞ்சினுக்கு மட்டும். பாக்ஸ்-என் என்ற திறந்த சரக்கு வேகன் 58-இல் நிலக்கரி ஏற்றினால் 4,700 டன்னுக்கு மேல். சிவப்பைக் கண்ட பிறகு பிரேக்கைத் தொட்டால் நிற்காது. அதனால்தான் டபுள் எல்லோ (இரட்டை மஞ்சள் சிக்னல்), எல்லோ (ஒற்றை மஞ்சள்) என்று முன்கூட்டியே படிப்படியாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

மார்ச் 2, திருச்சி

ரோடு பழகுகிறோம். திருச்சி – விழுப்புரம் கார்டு லைன் (குறுக்குப் பாதை). எந்த சிக்னல் எந்த வளைவுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது, எங்கே ஏற்றம், எங்கே கேட் என்று தலைக்குள் படமாக ஏற வேண்டும். இரவிலும் ஒருமுறை பார்த்தே தீர வேண்டும் என்பது விதி.

டூட்டி ஏற்கிற லாபியில் சைன் ஆன், மூச்சு டெஸ்ட், எங்கெங்கே வேகம் குறைக்க வேண்டும் என்று சொல்லும் காஷன் ஆர்டர் வாங்குதல். என்னோடு வருகிற லோகோ பைலட்டுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. "அண்ணே, சார்னு கூப்பிடாதீங்க" என்றார். வரமாட்டேன் என்கிறது. இருபத்துமூன்று வயது லெஃப்டினென்டுக்கு விறைத்து நின்று "ஜி சாப்" சொன்ன உடம்பு இது.

காவிரி, ஸ்ரீரங்கம், கொள்ளிடம், லால்குடி, புள்ளம்பாடி, கல்லக்குடி பழங்காநத்தம். அரியலூருக்கு முன்னால் மருதையாற்றுப் பாலம் வந்ததும் அவர் சொன்னார்: "இதான்ணே அந்த இடம்." 1956 நவம்பர் 23, விடியற்காலை. வெள்ளம் கரையை அரித்திருந்த நேரத்தில் மெட்ராஸிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை விட்டு விலகினார். பள்ளிக்கூடத்தில் சாஸ்திரியின் ராஜினாமா என்றுதான் படித்தோம். எஞ்சினில் உட்கார்ந்து பார்க்கும்போது எனக்கு அந்த டிரைவரின் ஞாபகம்தான் வந்தது. அவருக்கு முன்னால் இருட்டும் மழையும் மட்டுமே இருந்திருக்கும்.

இப்போது ஆற்றில் வெறும் மணல். பாலத்தைத் தாண்டும்வரை நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை.

மார்ச் 19

லோகோ இன்ஸ்பெக்டர் இன்று கூட வந்தார். என் இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் ஆர்.எஸ். வால்வைக் காட்டிக் கேட்டார்: "இது எதுக்குன்னு தெரியுமா?"

அவசர பிரேக். உதவி லோகோ பைலட்டின் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கிறார்கள். லோகோ பைலட் சிக்னலைக் கவனிக்காமல் வேகத்தைக் குறைக்காமல் போனால் நான் இதைத் திறக்க வேண்டும். கேட்டுவிட்டுத் திறப்பதற்கு நேரமில்லை.

"திறப்பீங்களா?" என்றார். திறப்பேன் என்றேன். "பட்டாளத்துக்காரங்க எல்லாரும் இப்படித்தான் உடனே சொல்றீங்க. சீனியர் பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது கை போகணும். அதைத்தான் கேக்கறேன்."

இரவு ரன்னிங் ரூமில் (வெளியூரில் நாங்கள் ஓய்வெடுக்கும் அறை) படுத்தும் அதே யோசனை. பதினேழு வருஷம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஆணைக்குக் கீழ்ப்படிவது. அது இல்லாமல் படை இல்லை. இந்த கேபினில் மூத்தவரின் கையை மீறி வண்டியை நிறுத்துவதும் என் டூட்டியாக எழுதி வைத்திருக்கிறார்கள். அது அவமரியாதை ஆகாது. அவர் வேலையும் உயிரும், பின்னால் வருகிறவர்களின் உயிரும் அதில் இருக்கின்றன. படையிலிருந்து இங்கே வருகிற ஒவ்வொருவரும் புதிதாகப் பழக வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். விழிப்பு, நேரம் தவறாமை, உடம்பு எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இது மட்டும் இல்லை.

மார்ச் 27

கூட்ஸ், இரவு. விருத்தாசலம் தாண்டி டபுள் எல்லோ. கை நீட்டி உரக்கச் சொன்னேன். பதில் வரவில்லை. வழக்கமாக அவரும் உடனே திருப்பிச் சொல்லுவார். மறுபடி கத்தினேன். 'சார்' எங்கே போனதென்று தெரியவில்லை. கை ஆர்.எஸ். வால்வில் இருந்தது. அதற்குள் அவர் "டபுள் எல்லோ" என்று சொல்லி ஏ-9ஐ இழுத்துவிட்டார். காஷன் ஆர்டரில் அடுத்த வேகக் கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். நேரம் இருந்தது, வண்டி ஒழுங்காக நின்றது.

அடுத்த ஸ்டேஷனில் காத்திருக்கும்போது சொன்னார்: "இப்படியே கூப்பிடுங்கண்ணே. இதே சத்தத்துல."

ஏப்ரல் 15

தூக்கம் பற்றி எழுத வேண்டும்.

படையில் இரவுக் காவல் பெரும்பாலும் இரண்டு மணி நேரம். பிறகு மாற்றாள் வருவான். எவ்வளவு நல்ல சிப்பாயாக இருந்தாலும் இருட்டை உற்றுப் பார்க்கிற கண் அதற்கு மேல் தாங்காது என்று படைக்குத் தெரியும். எஞ்சினில் ஒரே ஓட்டத்தில் எட்டு, ஒன்பது மணி நேரம் போகிறது. மாற்றாள் கிடையாது. விசிடி என்ற கருவி ஒன்று இருக்கிறது. அறுபது வினாடிக்கு மேல் எந்தப் பிடியையும் தொடாமல் இருந்தால் விளக்கு மின்னும், பிறகு பஸ்ஸர் அடிக்கும், அப்போதும் அசையவில்லை என்றால் வண்டியைத் தானே நிறுத்திவிடும். நல்ல கருவி. ஆனால் பாதித் தூக்கத்திலும் கை அந்தப் பொத்தானை அழுத்தப் பழகிவிடும் என்று மூத்த டிரைவர்கள் சொல்கிறார்கள்.

நீண்ட டூட்டி முடிந்து தலைமையிடம் வந்தால் 16 மணி நேர ஓய்வு. வார ஓய்வு 30 மணி நேரம். இந்த முப்பதுக்குள்ளேயே அந்தப் பதினாறையும் அடக்கிவிடக் கூடாது, இரண்டையும் சேர்த்து 46 ஆகத் தர வேண்டும் என்று 2024 ஜூனில் தெற்கு ரயில்வேயில் லோகோ பைலட்டுகள் போராடினார்கள். தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் டூட்டி கூடாது என்பதும் அவர்கள் கோரிக்கை. வெளியிலிருந்து பார்த்தபோது எனக்கு இது சம்பளச் சண்டை மாதிரி தெரிந்தது. இப்போது சொல்கிறேன், அவர்கள் கேட்பது முழுக்க நியாயம். டிரைவரின் தூக்கம் பயணிகளின் சொத்து.

வீட்டில் மனைவி ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்து மாட்டியிருக்கிறாள். பகலில் நான் தூங்கினால் சின்னவள் டிவி சத்தத்தைக் குறைத்து வைக்கிறாள். படையிலிருந்து லீவில் மட்டும் வந்துபோன அப்பாவாக இருந்தபோது எனக்கு இது கிடைத்ததில்லை.

மே 6

ராஜஸ்தான் எல்லையில் இருக்கிற பழைய யூனிட் தம்பி போன் பண்ணினான். அடுத்த வருஷம் டிஸ்சார்ஜ். "அண்ணே, நானும் வரலாமா?" இதே கேள்வியைப் பலர் கேட்பதால் அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

குரூப் 'சி' பணிகளில் முன்னாள் படைவீரருக்கு 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. உன் வயதிலிருந்து படையில் இருந்த வருஷத்தைக் கழித்து, அதற்கு மேல் மூன்று வருஷம் சலுகை. ஆகவே வயதைப் பற்றிக் கவலைப்படாதே. பத்தாம் வகுப்போடு ஏற்கப்பட்ட டிரேடில் ஐ.டி.ஐ. வேண்டும். நான் சேர்வதற்கு முன்பே டீசல் மெக்கானிக் முடித்திருந்தது கைகொடுத்தது. உன் சான்றிதழ்கள் செல்லுமா என்று அறிவிப்பு வருவதற்கு முன்னாலேயே விசாரித்து வை. இரண்டாம் தாளில் டிரேடு பகுதியில் 35 சதவீதம் எடுத்தால் போதும், அந்தத் தாளில் தரவரிசைக்குச் சேர்வது மற்ற பகுதிதான். கணக்கை இன்றே தொடங்கு. கடைசியில் வரும் ஆப்டிட்யூட் டெஸ்டில் ஒவ்வொரு பிரிவிலும் தனித்தனியாக 42 டி-ஸ்கோர் (தரப்படுத்திய மதிப்பெண்) வேண்டும். ஒன்றில் குறைந்தாலும் மற்றவை காப்பாற்றாது. ஞாபகம், கவனம், தூரம் கணிப்பது. செண்ட்ரி போஸ்டில் நின்றவனுக்கு இவை புதிதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கண் டாக்டரிடம் போ. ஏ-1 என்று சொல்லி, அந்த +2 லென்ஸ் டெஸ்டையும் நிறம் பார்ப்பதையும் செய்யச் சொல். அதில் தேறிய பிறகு புத்தகம் வாங்கு. முடிவு எதுவாக இருந்தாலும் எனக்கு போன் போடு.