இறக்கி வைத்த கோப்பை

ஜோர்தானின் அகபாவில் வேலைக்குச் சேர்ந்த புதிது. உடன் வேலை செய்யும் நண்பர், வாதி ரம் பாலைவனத்தில் இருக்கும் தன் பெரியப்பாவின் கூடாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை அழைத்துப் போனார். ஒரு மணி நேரப் பயணம். உட்கார்ந்ததும் காபி வந்தது. பிடியில்லாத சிறு கோப்பையில் கால்வாசிகூட இல்லை. விரல் சுட்டதால் குடிக்காமல் அதைத் தரையில் வைத்தேன்.

பேச்சு நின்றது. பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "உனக்கு என்ன வேண்டும், சொல்" என்றார்.

பெதுயின் எனப்படும் பாலைவன நாடோடி அரபு மக்களின் வழக்கப்படி, குடிக்காமல் கோப்பையை இறக்கி வைப்பவர் ஏதோ கேட்டு வந்திருக்கிறார் என்று பொருளாம். கேட்டதைத் தருவதாக வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்த பிறகே குடிப்பார். அம்மான் நகரத்து வீடுகளில் பெண் கேட்டுப் போகிறவர்கள்கூட இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். நண்பர் என் காதில் இதைச் சொன்னதும் எனக்கு வியர்த்துவிட்டது. வாயில் வந்ததைக் கேட்டேன்: "இந்தக் காபியைப் போடக் கற்றுத்தர வேண்டும்."

"தந்தேன். குடி."

அப்படித்தான் நான்கு வெள்ளிக்கிழமைகள் போயின. முதல் வாரம் நீளப்பிடி போட்ட இரும்புக் கரண்டியில் பச்சைக் கொட்டையைத் தணலில் வறுக்கச் சொன்னார். கருக்கிவிட்டேன். ஒரு வார்த்தை பேசாமல் வாங்கி மணலில் கொட்டினார். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்தது மிஹ்பாஷ் என்கிற மர உரல். அடியில் குத்திக்கொண்டே இடையிடையே விளிம்பிலும் தட்ட வேண்டும். தாளம் பிசகக் கூடாது. அந்தச் சத்தம் கேட்டால் முன்பெல்லாம் பக்கத்துக் கூடாரத்தார் கிளம்பி வந்துவிடுவார்களாம். பாட்டியின் உலக்கைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் என்பதால் இது மட்டும் எனக்குச் சீக்கிரம் கைவந்தது. பொடியைக் கொதிக்கவிட்டு, தெளிந்ததை 'தல்லா' என்னும் மூக்கு நீண்ட கூஜாவில் ஊற்றி, ஏலக்காயைத் தட்டிப் போட வேண்டும். சர்க்கரை கிடையாது. நான் போடிநாயக்கனூர்க்காரன், ஏலக்காய் பாக்கெட்டை ஆசையாகத் திருப்பிப் பார்த்தேன். குவாதமாலா என்று போட்டிருந்தது.

கூடாரம் ஆட்டு மயிரில் நெய்தது. மழை பட்டால் இழை உப்பி நெசவின் துளைகள் அடைபட்டுவிடும். அதில் பாதிப் பட்டைகள் பெரியவரின் மனைவி நெய்தவை. ஆடுகளை விற்றபின் அவர் தறியில் உட்காரவில்லை. கிழிந்த இடமெல்லாம் இப்போது கடைத்துணி. பேரப் பிள்ளைகள் பள்ளிக்காக ரம் கிராமத்துச் சிமெண்ட் வீட்டில் இருக்கிறார்கள். 2011-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம் இது. மகன்கள் பிக்கப் வண்டியில் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள். அவர்களிடம் காபி பிளாஸ்கில் இருக்கிறது.

நான்காம் வெள்ளி எல்லாவற்றையும் நானே செய்தேன். உரலை இடித்து முடித்தும் யாரும் வரவில்லை. கேட்கிற தூரத்தில் கூடாரமே இல்லையே! பெரியவர் அலைபேசியை எடுத்து, "காபி ஆகிவிட்டது" என்றார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பிக்கப்புகள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றன.

கூஜா இடக்கையில், கோப்பை வலக்கையில். குடித்தவர் கோப்பையை லேசாக ஆட்டும்வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாம் சரியாகத்தான் போனது. கடைசி ஆளுக்கு மட்டும், நம் ஊர் உபசாரப் புத்தியில், கோப்பை விளிம்புவரை ஊற்றிவிட்டேன்.

நிறைந்த கோப்பைக்கு 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தமாம்.

"என் தம்பியை என் கூடாரத்திலிருந்தே விரட்டுகிறாயா?" என்று பெரியவர் கேட்க, தம்பி பொய்யாகச் செருப்பைத் தேடினார்.